ஷபாத்: ஒரு சுவிட்சைத் தொடாமல் இருப்பது எப்படி ஓய்வாகும்?

கடலோடி எழுதியது:
ஆராய்ச்சி வேலைக்காக இஸ்ரேலில் ரெஹோவோத் ஊருக்கு வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் ஊரே பரபரக்கிறது, கடைகளைச் சீக்கிரமே சாத்துகிறார்கள், பேருந்து நின்றுவிடுகிறது, சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் எல்லாம் மறுபடி ஓடத் தொடங்குகிறது. இது யூதர்களின் ஓய்வுநாளான ஷபாத், வார விடுமுறை என்ற அளவில் புரிகிறது. புரியாதது அதன் விதிகள்தான். எங்கள் ஆய்வகத்தில் கிப்பா என்ற யூதக் குல்லா அணிந்த ஒருவர் இருக்கிறார், ரொம்ப நல்ல மனிதர், அவரிடம் கேட்டேன். வீட்டுக்குள் ஒரு கனமான மேசையை இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு நகர்த்தலாமாம், ஐந்து மாடி படியேறலாமாம், ஆனால் விரல் நுனியால் சுவிட்சைத் தட்டக்கூடாது, பேனா எடுத்து இரண்டு எழுத்து எழுதக்கூடாது. உடம்பு வியர்த்தால் பரவாயில்லை, சுவிட்சைத் தட்டினால் வேலையா? அவர் பொறுமையாகத்தான் விளக்கினார், ஹீப்ரு சொற்கள் நிறைய வந்ததால் பாதி எனக்குப் பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது தமிழில் சொல்லுங்கள். எது கூடும் எது கூடாது என்ற பட்டியல் வேண்டாம், எதற்காக என்று தெரிந்தால் போதும்.

செம்மண் எழுதியது:
நான் தொழிற்சங்கத்தில் இருப்பவன், வாராந்திர விடுமுறை என்பது மனிதன் போராடி வாங்கிய உரிமை என்று நம்புகிறவன். அதனால் ஓய்வுநாள் என்ற எண்ணத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் சொல்கிற விதிகளைப் பார்த்தால் ஓய்வாகத் தெரியவில்லை, பயமாகத் தெரிகிறது. அதோடு, தடையும் போட்டுவிட்டு அதைத் தாண்ட வழியும் கண்டுபிடிக்கிறார்கள். எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் எல்லா மாடியிலும் தானே நின்று நின்று போகும் லிஃப்ட், நேரம் வைத்து எரியும் விளக்கு, ஊரைச் சுற்றிக் கம்பி கட்டி ‘இது எல்லாம் ஒரே வீடு’ என்று சொல்லும் ஏற்பாடு. கடவுள் சொன்னதை நம்புகிறவர் கடவுளையே சுற்றி வளைக்கலாமா? நம்புகிறவர்கள் யாராவது இதற்குப் பதில் சொல்லுங்கள், மனதைப் புண்படுத்துவதற்காகக் கேட்கவில்லை.

தேன்சிட்டு எழுதியது:
கடலோடி, உங்கள் குழப்பத்துக்கு ஒரே காரணம்தான். ‘வேலை’ என்றதும் நாம் உடல் உழைப்பை நினைக்கிறோம். ஷபாத் அன்று விலக்கப்பட்டிருப்பது உழைப்பு அல்ல, ஆக்கம். ஹீப்ருவில் மெலாக்கா என்பார்கள். உலகத்தில் இருக்கும் ஒன்றை மனிதன் தன் நோக்கத்துக்கு ஏற்ப மாற்றுவது, இல்லாததை உண்டாக்குவது, இருப்பதை அழிப்பது, இதெல்லாம்தான் மெலாக்கா. மேசையை நகர்த்தினால் மேசை மேசையாகவே இருக்கிறது. இரண்டு எழுத்து எழுதினால் இதுவரை இல்லாத ஒன்று உலகத்தில் வந்துவிட்டது. அதனால்தான் முதலாவது கூடும், இரண்டாவது கூடாது.

எது மெலாக்கா என்று யார் முடிவு செய்தது? தோராவில், அதாவது வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களில், பட்டியல் கிடையாது. தீ மூட்டக்கூடாது என்று யாத்திராகமம் 35இல் வெளிப்படையாக இருக்கிறது, இன்னும் ஓரிரு இடங்களில் குறிப்புகள் உண்டு, அவ்வளவுதான். ஆனால் அந்தப் புத்தகத்தில் ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தைக் கட்டச் சொல்லும் கட்டளைகளும் ஓய்வுநாள் கட்டளையும் அடுத்தடுத்து வருகின்றன. கடவுளுக்குக் கூடாரம் அமைக்கும் வேலையே ஆனாலும் ஏழாம் நாள் நிறுத்து என்பதாக யூத மத அறிஞர்களான ரப்பிகள் அதை வாசித்தார்கள். அப்படியானால் அந்தக் கூடாரத்துக்கு என்னென்ன வேலை தேவைப்பட்டதோ அவைதான் நிறுத்த வேண்டியவை. கிபி 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூலில் ‘நாற்பதுக்கு ஒன்று குறைவு’ என்று 39 வகைகளைச் சொல்கிறார்கள். உழுவது, விதைப்பது, அறுப்பதில் தொடங்கி மாவு பிசைந்து சுடுவது வரை ஒரு வரிசை, ஆட்டின் ரோமம் கத்தரிப்பதிலிருந்து நெய்வது, தைப்பது வரை இன்னொரு வரிசை, வேட்டையாடித் தோலைப் பதப்படுத்தி அதில் எழுதுவது வரை இன்னொன்று, பிறகு கட்டுவது, இடிப்பது, தீ மூட்டுவது, அணைப்பது, ஒரு பொருளை முடித்துவைக்கும் கடைசிச் சுத்தியலடி, ஓர் எல்லையிலிருந்து இன்னோர் எல்லைக்குப் பொருளைக் கொண்டுபோவது. இந்தப் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், சோறும் துணியும் நூலும் வீடும் மனிதனுக்கு எப்படி வந்தன என்ற கதை முழுக்க அதில் இருக்கிறது. ஆறு நாள் இதையெல்லாம் செய், ஏழாம் நாள் உலகத்தை அது இருக்கிறபடியே விட்டுவை. எனக்கு ஷபாத்தின் சாரம் இதுதான்.

இந்த விதிகளுக்கு எழுத்தில் ஆதாரம் குறைவு என்பது அவர்களுக்கே தெரியும். ஓய்வுநாள் விதிகள் மயிரிழையில் தொங்கும் மலைகள், வேதவாக்கியம் கொஞ்சம், விதிகள் ஏராளம் என்று மிஷ்னாவே சொல்கிறது.

பாளையங்கோட்டைக்காரன் எழுதியது:
சிறுவயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் ‘ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக’ என்று மனப்பாடம் செய்து வளர்ந்தவன் நான். எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமையாக மாறிவிட்டது, ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் போன்ற சில சபையார் சனிக்கிழமையே ஆசரிக்கிறார்கள். நாங்கள் கேட்ட பிரசங்கங்களில் எல்லாம், இயேசு காலத்து யூதப் பிரிவினரான பரிசேயர் இரக்கமில்லாதவர்கள், இயேசு நோயாளியைக் குணமாக்கினால்கூட ஓய்வுநாளை மீறிவிட்டார் என்று சண்டைக்கு வந்தவர்கள் என்றுதான் சொல்வார்கள். ‘ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது’ என்று அவர் சொன்னது அந்தச் சட்டத்துக்கு எதிரான குரல்தானே? தேன்சிட்டு என்ன நினைக்கிறீர்கள்?

தேன்சிட்டு எழுதியது:
பாளையங்கோட்டை அண்ணா, இதில் யூதர்களுக்கு நியாயம் செய்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மிஷ்னாவை விவாதிக்கும் பெருந்தொகுப்பான தல்மூதில் யோமா என்ற பகுதியில், உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாள் விதி விலகி நிற்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று ரப்பிகள் பலர் விவாதிக்கிறார்கள். ஒருவர், ஓய்வுநாள் உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் அதன் கையில் ஒப்படைக்கப்படவில்லை என்கிறார். இயேசு சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு நெருக்கம். இன்னொருவர், அவன் பல ஓய்வுநாள்களைக் கடைப்பிடிக்கும்படி அவனுக்காக ஓர் ஓய்வுநாளை மீறு என்கிறார். மூன்றாமவர் லேவியராகமத்தில் கட்டளைகளைச் செய்கிறவன் ‘அவைகளால் பிழைப்பான்’ என்று வரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்: பிழைப்பதற்குத்தான் கட்டளை, சாவதற்கு அல்ல. இந்த நெறிக்கு பிக்குவாஹ் நெஃபெஷ் என்று பெயர். ஆபத்து நிச்சயமாக வேண்டும் என்பதுகூட இல்லை, சந்தேகம் இருந்தாலே போதும். அப்போது தயங்கி நிற்பதுதான் தவறு.

இது ஏட்டோடு நின்றதும் இல்லை. மக்கபேயர் முதல் நூலில் வருகிறது, உங்கள் கத்தோலிக்க நண்பர்களிடம் இருக்கும் வேதாகமத்தில் அந்த நூல் இருக்கும். கிரேக்க அரசனின் படைக்கு ஒளிந்து குகைகளில் இருந்த யூதர்கள் ஓய்வுநாளில் எதிர்த்துப் போரிட மறுத்ததால் ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கேயே மடிந்தார்கள். செய்தி கேட்ட மத்தத்தியாவும் அவரைச் சேர்ந்தவர்களும், இப்படியே போனால் நம்மில் ஒருவரும் மிஞ்சமாட்டோம், ஓய்வுநாளில் தாக்கினாலும் திருப்பிப் போரிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். கிமு இரண்டாம் நூற்றாண்டு அது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்மையிலேயே இருந்தது, அதை மறைக்க வேண்டாம். சூம்பின கை போல உயிருக்கு ஆபத்தில்லாத, மறுநாள்வரை காத்திருக்கக்கூடிய நோய்க்கு மருத்துவம் செய்யலாமா என்பதுதான் அன்றைய சண்டை. ரப்பிகள் காத்திருக்கலாம் என்றார்கள், இயேசு நன்மை செய்ய ஏன் காத்திருக்க வேண்டும் என்றார். அது ஒரே வீட்டுக்குள் நடந்த வாக்குவாதம்.

இன்னொன்று, இது செம்மண் தோழருக்கும் சேர்த்து. பத்துக் கட்டளை வேதாகமத்தில் இரண்டு முறை வருகிறது, ஓய்வுநாளுக்கு இரண்டு இடத்திலும் இரண்டு வெவ்வேறு காரணம். யாத்திராகமம் 20இல், கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், அதனால். உபாகமம் 5இல் படைப்பைப் பற்றிய பேச்சே இல்லை, நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை, அதனால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறட்டும் என்கிறது. மாடு, கழுதை, ஊரில் தங்கியிருக்கும் அந்நியன், எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை இரண்டு விளக்கு ஏற்றுவது இந்த இரண்டு வாசகங்களுக்காக என்று சொல்வார்கள்.

செம்மண் எழுதியது:
உபாகமத்துக் காரணம் எனக்குத் தெரியாது. ‘உன்னைப்போல’ என்ற ஒரு சொல் போதும், எசமானுக்கும் கூலிக்கும் ஒரே நாள், ஒரே ஓய்வு. மூவாயிரம் வருடத்துக்கு முன்போ இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்போ, எப்போது எழுதியிருந்தாலும் அது பெரிய விஷயம். வேலைக்காரன் ஓய்வு கேட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை, எசமானுக்கே கட்டளை. சரி, ஆனால் கம்பிக்கும் லிஃப்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை.

கணியன் எழுதியது:
ரோமர்களுக்கு இது பிடிபடவே இல்லை. வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கைச் சோம்பலில் வீணாக்குகிறார்கள் என்று செனகா குறைபட்டார், டாசிடஸும் சோம்பலின் சுகத்துக்குப் பழகியவர்கள் என்ற பாணியில் எழுதினார். அடிமைகளை வைத்து வாழ்ந்த சமூகத்துக்கு அடிமைக்கும் விடுமுறை என்பது வீண் செலவாகத்தானே தெரியும்.

கன்னியாகுமரிக்காரி எழுதியது:
நான் இஸ்ரேலில் பினே பராக் ஊரில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். படித்தவர்கள் காரணம் எழுதட்டும், நான் பார்த்ததை எழுதுகிறேன்.

வியாழக்கிழமையே சமையல் தொடங்கிவிடும். ஷபாத் அன்று அடுப்பு பற்றவைக்கக்கூடாது, எதையும் புதிதாக வேகவைக்கக்கூடாது. அதனால் ‘பிளாட்டா’ என்று ஒரு மின் தட்டு, வெள்ளி சாயங்காலம் போட்டால் சனி இரவு வரை சூடாகவே இருக்கும், சமைத்த பாத்திரங்களை அதன்மேல் வைத்துவிடுவோம். வெந்நீருக்குத் தனி பாய்லர். பயறு, பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி போட்டு ஒரு பெரிய பாத்திரம் இரவு முழுக்க மெதுவாக வேகும், இந்த அம்மா போலந்து வழி என்பதால் சோலண்ட் என்பார், பக்கத்து வீட்டு மொராக்கோக் குடும்பம் அதையே கொஞ்சம் வேறுவிதமாகச் செய்து ஹமின் என்கிறது, முட்டையும் அதில் கிடந்து ஓடு வரை பழுப்பாகியிருக்கும். ஃபிரிட்ஜ் விளக்கை முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும், கதவைத் திறந்தால் எரியுமே. கழிப்பறைத் தாளைக்கூட அளவாகக் கிழித்து அடுக்கி வைத்துவிடுவோம், கிழிப்பதும் கணக்கில் வரும். மீனை முள் எடுத்து அரைத்து உருண்டையாகச் செய்வார்கள், தட்டில் உட்கார்ந்து முள்ளைப் பொறுக்கினால் அது ‘பிரித்தெடுத்தல்’ ஆகிவிடும் என்பதும் அதற்கு ஒரு காரணமாம். முதலில் எனக்கு மலைப்பாக இருந்தது, இப்போது கை தானாகச் செய்கிறது.

சூரியன் மறைய 18 நிமிடம் முன்பு அம்மா விளக்கேற்றுவார். எருசலேமில் 40 நிமிடம் முன்பாம். ஏற்றிவிட்டுக் கைகளால் கண்ணை மூடிக்கொண்டு ஆசீர்வாதம் சொல்வார். பொதுவாக ஆசீர்வாதம் சொல்லிவிட்டுத்தான் ஒரு கடமையைச் செய்வார்கள், ஆனால் சொல்லி முடித்தால் ஷபாத் வந்துவிடும், அப்புறம் தீக்குச்சி கிழிக்க முடியாது, அதனால் ஏற்றிவிட்டுக் கண்ணை மூடி, சொல்லி முடித்துத் திறக்கிறார். அந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டில் பேச்சே மாறிவிடும். பணத்தைப் பற்றி, ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி, வழக்கைப் பற்றிப் பேச மாட்டார்கள். பேரப்பிள்ளைகள் வருவார்கள், ஒருவர் கையிலும் போன் இருக்காது. சாப்பாட்டு மேசையில் பாட்டுப் பாடி, மேசையைத் தட்டி, மூன்று தலைமுறையும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும். செம்மண் அண்ணா பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த மேசையில் பயத்தைப் பார்த்ததில்லை.

என்னிடம் ‘விளக்கைப் போடு’ என்று அம்மா சொல்ல மாட்டார். தான் செய்யக்கூடாததை யூதர் அல்லாதவரிடம் ஏவுவதும் கூடாது என்பது விதி. ஆனால் எனக்குத் தேவை என்று நான் போட்டுக்கொண்டால் அந்த வெளிச்சத்தில் அவர் உட்காரலாம். நோயாளி விஷயத்தில் மட்டும் தளர்வு அதிகம். ஒருமுறை இரவில் அவருக்கு மூச்சுத் திணறல் வந்தபோது மகன் ஓடிவந்து தானே போன் எடுத்து ஆம்புலன்ஸை அழைத்தார், கூடவே ஏறி மருத்துவமனைக்குப் போனார். ஒரு நொடி தயங்கவில்லை.

ஹென்டன்வாசி எழுதியது:
லண்டனில் ஹென்டன் பக்கம் இருக்கிறன். இங்க யூதக் குடும்பங்களும் எங்கட யாழ்ப்பாணச் சனமும் பக்கம் பக்கமாத்தான் வாழுறம். கம்பியைப் பற்றிக் கேட்டதால எழுதுறன்.

வீட்டுக்கு வெளியே பொது இடத்தில் எதையும் சுமக்கக் கூடாது என்பது அந்த 39இல் கடைசி. சாவி, கைத்தடி, பிரார்த்தனைப் புத்தகம், கைக்குழந்தை, குழந்தை வண்டி, எல்லாம் அதில் வரும். அதனால் சின்னப் பிள்ளை இருக்கிற தாய்மாரும் சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களும் சனிக்கிழமை முழுக்க வீட்டுக்குள்ளேயே அடைபட வேண்டிய நிலை. அதற்குத்தான் எருவ். சுவர், வேலி, ரயில் பாதைக் கரை, இருப்பதையெல்லாம் எல்லையாக எடுத்துக்கொண்டு இடைவெளி இருக்கிற இடத்தில் மட்டும் இரண்டு கம்பம் நட்டு மேலே ஒரு மெல்லிய கம்பி. இரண்டு தூணும் மேலே ஒரு விட்டமும் இருந்தால் அது வாசல், வாசல்களால் சூழப்பட்ட இடம் ஒரு முற்றம். அந்த முற்றத்தின் ஆட்கள் பொதுவாக ஓர் உணவையும் பகிர்ந்து வைப்பார்கள், அப்படித்தான் எல்லாரும் ஒரு வீட்டார் ஆகிறார்கள். வடமேற்கு லண்டன் எருவ் 2003இல்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் பத்து வருடத்துக்கு மேல் பெரிய வாக்குவாதமும் எதிர்ப்பும். எதிர்த்தவர்களில் யூதர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் வெள்ளிக்கு முன் ஆள் போய்க் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அறுந்தால் எல்லாருக்கும் அறிவித்துவிடுவார்கள், அந்த வாரம் சுமக்க மாட்டார்கள்.

கடவுளை ஏமாற்றுகிறவர் அறுந்த கம்பிக்காக ஏன் குழந்தையோடு வீட்டில் இருக்க வேணும்? தோரா விலக்கியது ஒரு வட்டம், ரப்பிகள் அதைச் சுற்றி வேலியாகப் போட்டது இன்னொரு பெரிய வட்டம். எருவ் தளர்த்துவது ரப்பிகள் போட்ட வேலியை மட்டும். உண்மையான பெருவீதியில் எருவ் செல்லாது, எது பெருவீதி என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை.

குளிர்காலம்தான் பாவம். டிசம்பரில் இங்க நாலு மணிக்கு முன்னமே சூரியன் விழுந்திடும், வெள்ளி மூன்றரைக்கே விளக்கேற்ற வேணும், வேலையிலிருந்து மதியமே கிளம்பி ஓடுவினம்.

கடலோடி எழுதியது:
கன்னியாகுமரி அக்கா, ஹென்டன் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி, படிக்கப் படிக்க எங்கள் ஆய்வகத்துக்காரர் சொன்னது இப்போதுதான் பிடிபடுகிறது. நம் ஆயுத பூஜை அன்று கருவிகளை எடுக்காமல் வைப்போமே, அது மாதிரியா?

தேன்சிட்டு எழுதியது:
தொடாமல் வைப்பது வரை ஒற்றுமை உண்டு. ஆனால் அங்கே கருவிக்குப் பூஜை, இங்கே கருவிக்கு அன்று ஓர் இடமும் இல்லை. பேனா, சுத்தியல், பணப்பை, இவையெல்லாம் முக்ஸே, அதாவது ஒதுக்கப்பட்டவை, கையில் எடுப்பதே கிடையாது. எடுத்தால் பழக்கத்தில் வேலையைத் தொடங்கிவிடுவோம் என்பதால்.

செம்மண் எழுதியது:
ஹென்டன் தோழர் சொன்னதை ஏற்கிறேன், தாய்மார் வெளியே வருவதற்காகச் செய்த ஏற்பாடு என்றால் அதில் ஏமாற்று இல்லை. ஆனால் மின்சாரம்? தோராவிலும் இல்லை, மிஷ்னாவிலும் இல்லை. யார் தடை செய்தது?

தேன்சிட்டு எழுதியது:
இதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த காரணம் கிடையாது, முடிவு மட்டும்தான் ஒன்று. இழை பழுக்கக் காய்ந்து எரியும் பழைய பல்பு தீ போன்றது என்பதில் பெரும்பாலோர் உடன்பட்டார்கள். நெருப்பே இல்லாத மின்விசிறி, போன், இவற்றுக்கு என்ன சொல்வது? பினே பராக்கில் வாழ்ந்த ஹஸோன் இஷ் என்று அழைக்கப்படும் ரப்பி, மின்சுற்றை இணைப்பது ‘கட்டுதல்’ வகையில் சேரும் என்றார். எருசலேமைச் சேர்ந்த ரப்பி ஷ்லோமோ சல்மான் அவர்பாக் அதை ஏற்கவில்லை. சுற்றை மூடுவது தன்னளவில் எந்த மெலாக்காவும் இல்லை, ஆனாலும் மக்கள் ஏற்றுக்கொண்ட வழக்கத்தை விடக்கூடாது என்றார். இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ‘ஆதாரம் பலவீனம், ஆனாலும் கடைப்பிடிப்போம்’ என்று வெளிப்படையாகச் சொல்லும் துணிவு எல்லா மதத்திலும் கிடைக்காது.

அதன் பலனை இன்று நாம் பார்க்கிறோம். மின்சாரம் அன்று விலக்கப்பட்டதால், பின்னால் வந்த தொலைக்காட்சி, கணினி, கைபேசி எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டன. அக்கா சொன்ன அந்தப் போன் இல்லாத மேசை அப்படி வந்ததுதான்.

எல்லா யூதரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக்குழு 1950இல், தூரத்தில் வாழ்கிறவர்கள் ஜெப ஆலயத்துக்குப் போக மட்டும் கார் ஓட்டலாம் என்று அனுமதி தந்தது, ஆர்த்தடாக்ஸ் பிரிவு அதை ஏற்கவே இல்லை. சீர்திருத்தப் பிரிவில் எதை எவ்வளவு கடைப்பிடிப்பது என்பதைத் தனிமனிதரே தீர்மானிக்கிறார். எதிர்ப்பக்கம், கராயீட்டுகள் ரப்பிகளின் விளக்கத்தையே ஏற்காதவர்கள், தீ எரியக்கூடாது என்றால் முன்பே ஏற்றிய தீயும் எரியக்கூடாது என்று பல நூற்றாண்டுகள் வெள்ளி இரவை இருட்டில் கழித்தார்கள். ரப்பிகள் விளக்கேற்றுவதைக் கடமையாகவே ஆக்கியது வீட்டில் வெளிச்சமும் அமைதியும் இருக்க வேண்டும் என்பதற்காக. ஏசாயா தீர்க்கதரிசி ஓய்வுநாளை மகிழ்ச்சி என்று அழைக்கச் சொல்கிறார், அதனால் மூன்று வேளை நல்ல சாப்பாடு கட்டாயம், உபவாசம் கூடாது (பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் மட்டும் விலக்கு), துக்கம் காப்பவர்கூட அன்று வெளியில் துக்கம் காட்டுவதில்லை. தடைகளை மட்டும் பார்த்தால் பாதி ஷபாத்தைத்தான் பார்க்கிறோம்.

கணியன் எழுதியது:
நம் நாட்டிலும் இதற்கு ஒரு தடம் உண்டு. கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் செக்காட்டி எண்ணெய் எடுப்பவர்கள். ஹீப்ரு மறந்து, மராத்தி பேசி, நூல்களெல்லாம் கையைவிட்டுப் போன பிறகும் சனிக்கிழமை செக்கை நிறுத்துவதை அவர்கள் விடவில்லை. அதனால் ஊரார் அவர்களைச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்றே அழைத்தார்கள். திங்கள்கிழமை ஓய்வெடுக்கும் இந்துச் செக்காருக்குச் ‘சோம்வார் தேலி’ என்று பெயர். பின்னால் கொச்சி யூதர்களும் மற்றவர்களும் வந்து வழிபாட்டு முறைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். வேதமே கையில் இல்லாதபோதும் அந்தச் செக்கு சனிக்கிழமை ஓடவில்லை என்பது எனக்குச் சிலிர்ப்பு தரும் செய்தி.

கடலோடி எழுதியது:
அருமை. ஆனால் இங்கே வாழ்கிறவனாக எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நம்புகிறவர் வீட்டுக்குள் கடைப்பிடிப்பது வேறு, அரசு எல்லாருக்கும் பேருந்தை நிறுத்துவது வேறு. கார் இல்லாத மாணவன், சனிக்கிழமை கடற்கரைக்கோ நண்பர் வீட்டுக்கோ போக முடியாது. ஹைஃபாவில் மட்டும் பழைய வழக்கத்தால் கொஞ்சம் பேருந்து ஓடுகிறது, 2019இல் டெல் அவீவும் சுற்றியுள்ள சில நகராட்சிகளும் தாங்களே இலவசப் பேருந்து விடத் தொடங்கின. அரசு நிறுவனமாக இருந்த எல் அல் விமானங்கள் ஷபாத் அன்று பறக்கக்கூடாது என்ற முடிவு 1982இல் வந்தது. கார் வைத்திருப்பவனுக்கு எந்தக் கவலையும் இல்லை, ஏழைக்குத்தான் முடக்கம். இது அந்த ‘உன்னைப்போல’ என்ற வாக்கியத்துக்கே எதிராக இல்லையா?

தேன்சிட்டு எழுதியது:
நியாயமான கேள்வி, எனக்கும் அந்த ஏற்பாடு முழுதாக உடன்பாடில்லை. பின்னணி மட்டும் சொல்கிறேன். நாடு உருவாகும் முன்பே, 1947இல், பின்னாளில் முதல் பிரதமரான பென் குரியன் மதவாதக் கட்சியான அகுதத் இஸ்ரேலுக்கு ஒரு கடிதம் கொடுத்தார், சனிக்கிழமை சட்டப்படி ஓய்வுநாளாக இருக்கும் என்பது அதில் ஒரு வாக்குறுதி. 1951இல் வேலை, ஓய்வு நேரச் சட்டம் வந்தது, வாரம் குறைந்தது 36 மணி நேரத் தொடர் ஓய்வு. யூதருக்குச் சனி, மற்றவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றில் தங்களுக்கு உரிய நாளை எடுத்துக்கொள்ளலாம். இந்த விஷயம் எவ்வளவு கூர்மையானது என்றால், 1976 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து எஃப்-15 விமானங்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்திறங்கிய விழா ஷபாத்தை மீறியது என்று கிளம்பிய நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் தொடர்ச்சியாகப் பிரதமர் ரபீன் பதவி விலகினார், அடுத்த 1977 தேர்தலில் ஆட்சியே கைமாறியது.

செம்மண் எழுதியது:
இங்கே எனக்கு இரண்டு மனம். சட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கடைத்தெருவில் வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள். ஒரு முதலாளி ஏழு நாளும் திறந்தால் பக்கத்துக் கடைக்காரனும் திறந்தாக வேண்டும், வேலையாள் ‘எனக்கு ஓய்வு வேண்டும்’ என்றால் வேறு ஆள் தயாராக இருக்கிறான். ஓய்வைத் தனிமனிதன் விருப்பத்துக்கு விட்டால் அது வசதி உள்ளவனுக்கு மட்டும்தான் கிடைக்கும். ஆகவே கடை மூடும் சட்டத்தை ஆதரிக்கிறேன், பேருந்தை நிறுத்துவதை ஆதரிக்கவில்லை, ஓட்டுநருக்கு வேறொரு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு ஓட்டலாம்.

கணியன் எழுதியது:
சட்டம் அடுத்தவரின் நாளைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம். அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் யூத வணிகர்கள், சனிக்கிழமை எங்கள் மதத்துக்காக மூடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை உங்கள் சட்டத்துக்காக மூடச் சொல்கிறீர்கள், வாரத்தில் இரண்டு நாள் வியாபாரம் போகிறது என்று வழக்குப் போட்டார்கள். 1961இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இருந்தும் எத்தனையோ பேர் கடையைவிட ஷபாத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் நியூயார்க் தையல் பட்டறைகளில், சனிக்கிழமை வராவிட்டால் திங்கள்கிழமை வரவேண்டாம் என்ற நிலையில் எத்தனையோ புலம்பெயர்ந்தவர்கள் வாராவாரம் புது வேலை தேடியிருக்கிறார்கள்.

பாளையங்கோட்டைக்காரன் எழுதியது:
இந்த உரையாடல் என்னை யோசிக்க வைத்துவிட்டது. எங்கள் சபையில் ஞாயிறு என்றால் காலை ஆராதனை, மதியம் பிரியாணி, சாயங்காலம் கடைக்குப் போவது என்று ஆகிவிட்டது. விதியில்லாமல் அன்பினால் மட்டும் ஒரு நாளைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தோம், நாள் நழுவிவிட்டது. அடுத்த வாரம் வாலிபர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப்போகிறேன், தேன்சிட்டு எழுதிய உபாகமம் பகுதியையும் சேர்த்து.

கடலோடி எழுதியது:
கடைசியாக ஒன்று. எங்கள் ஆய்வகத்துக்காரர் வரும் வெள்ளி இரவு சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்திருக்கிறார். என்ன கொண்டுபோக வேண்டும், எதைச் செய்யக்கூடாது?

கன்னியாகுமரிக்காரி எழுதியது:
தம்பி, வீட்டில் சமைத்தது எதையும் கொண்டுபோகாதே, அவர்களால் சாப்பிட முடியாது, உனக்கும் வருத்தம் அவர்களுக்கும் சங்கடம். பூ வாங்கினால் வெள்ளி மதியமே கொடுத்துவிடு, இருட்டிய பிறகு அதை எடுத்துத் தண்ணீரில் வைப்பதிலும் அவர்களுக்குச் சிக்கல் உண்டு. கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி ஆனது என்ற முத்திரை உள்ள, கட்டிச் சுற்றிய இனிப்பு என்றால் பயமில்லை. அழைப்பு மணியை அழுத்தாதே, கதவைத் தட்டு. போனை வெளியே எடுக்காதே, படம் எடுக்கவே எடுக்காதே. குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் பழக்க தோஷத்தில் அணைத்துவிடாதே, இரவு முழுக்க அந்த வீடு இருட்டில் தவிக்கும், இது நிறையப் பேர் செய்யும் தவறு.

முதலில் பாட்டு, அப்புறம் வீட்டுக்காரர் கிண்ணம் நிறையத் திராட்சரசம் வைத்துக் கித்துஷ் என்ற ஆசீர்வாதம் சொல்வார், அப்போது எல்லாரும் எப்படி நிற்கிறார்களோ அப்படியே நில். பிறகு கை கழுவப் போவார்கள். கழுவிவிட்டு வந்தவர்கள் ரொட்டி துண்டு போடும் வரை ஒரு வார்த்தையும் பேசமாட்டார்கள், உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. துணி போட்டு மூடிய இரண்டு முழு ஹல்லா ரொட்டி இருக்கும், வனாந்தரத்தில் வெள்ளிக்கிழமை வானத்திலிருந்து இரண்டு பங்கு மன்னா என்ற உணவு விழுந்ததன் நினைவாக. உப்பில் தொட்டுத் தருவார்கள். முதல் சுற்றிலேயே வயிற்றை நிரப்பிவிடாதே, மீன், சூப், கோழி என்று வந்துகொண்டே இருக்கும்.

கடலோடி எழுதியது:
இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று முன்பே சொல்லிவிடட்டுமா அக்கா?

கன்னியாகுமரிக்காரி எழுதியது:
வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடு. வெள்ளி மதியத்துக்கு மேல் அவர்களால் உனக்கென்று தனியாகச் சமைக்க நேரம் இருக்காது.